மாவு அறையில் மலையேற்றம்

எங்கள் மலையேற்ற சைக்கிள் போட்டியில் முதலில் பரிசளிப்பு விழா நடக்கும். அடுத்த வாரம்தான் போட்டி. போட்டி என்றதும் யாரோ சைக்கிள் ஓட்டுவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தங்கப் பதக்கம் வாங்கியவரை மேட்டுப்பாளையத்தில் திறந்த ஜீப்பில் ஏற்றி, மாலை போட்டு, குஞ்சப்பனை, அரவேணு வழியாகக் கோத்தகிரிக்கு ஊர்வலமாக அழைத்து வருவார்கள். தான் வென்ற சாலையை அவர் வழிநெடுக முதல்முறையாகப் பார்த்துக்கொண்டே வருவார். வளைவுகளில் வாந்தி எடுத்த சாம்பியன்களும் உண்டு.

இது வேடிக்கைக்காகச் செய்த ஏற்பாடு இல்லை. ஒரு காலத்தில் உண்மையாகவே ஓட்டினார்கள். ஒரு வருடம் போட்டியன்று மழை வந்து, மண் சரிந்து, பஸ்களெல்லாம் நின்று, தலைமை தாங்க வந்த பெரிய மனிதரின் கார் குரங்குகளுக்கு நடுவில் அரை நாள் மாட்டிக்கொண்டது. அதில் யாருக்கும் காயமில்லை. ஆனால் குரங்குகள் மாலையைத் தின்றுவிட்டன. அதற்குப் பிறகுதான் அகில மலைக் கல்லூரிகள் விளையாட்டுக் கூட்டமைப்பு ‘முன்முடிவு’ என்ற கணிப்பு இயந்திரத்தை வாங்கியது. பெயர் வைத்தவர் சிரிக்காமல்தான் வைத்தார் என்று கேள்வி.

முன்முடிவு செய்யும் வேலை எளிமையானது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பயிற்சி இயந்திரம் வரும். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை அதில் பூட்ட வேண்டும். எதிரே திரையில் கோத்தகிரி சாலை ஓடும். சாலை ஏறினால் பெடல் கனக்கும். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தை மாதம் வரை, வெளியே பனியும் மூட்டமுமாக இருக்கும்போது, மாணவர்கள் உள்ளே உட்கார்ந்து மிதிப்பார்கள். இயந்திரம் அவர்கள் காலையும் இதயத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே இருக்கும். தை பிறந்ததும், நிஜச் சாலையில் ஓட்டினால் இன்னார் இந்த இடம் என்று சொல்லிவிடும். அதுதான் சொல்லிவிட்டதே, அப்புறம் எதற்கு ஓட்ட வேண்டும்? ஆறு வருடமாக அதன் கணிப்பு ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று கூட்டமைப்பு பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

இன்னொரு விதியும் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்ந்தவர்கள் முதல் முப்பது இடங்களுக்குள் வர வேண்டும். வராதவர்களின் சீட்டு அந்த வருடத்தோடு காலி. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் கல்லூரியின் பெண்கள் சைக்கிள் அணியின் பெயர் இசக்கியம்மாள். அணியே அவள் ஒருத்திதான். சாத்தான்குளத்துப் பக்கம் ஏதோ தேரிக்காட்டு ஊர். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளைச் செம்மணலில் மிதித்தே மாவட்டப் பரிசு வாங்கி, அதன் பலனாக இயற்பியல் படிக்க மலை ஏறி வந்தவள்.

“ஃபெயிலாகிப் போனாலும் பரவாயில்ல செக்ரட்டரி” என்பாள் என்னிடம். “படிச்சு ஃபெயிலாகணும். சைக்கிள் மிதிச்சு ஃபெயிலானா, அத்தான் கடையில மொபைலுக்கு உறை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். ஒளியியல் பாதிதான் முடிஞ்சிருக்கு. மீதி வெளிச்சத்துக்கு யாரு பதில் சொல்லுவா?”

செக்ரட்டரி என்று அவள் கூப்பிட்டது என்னை. நான் மாணவர் மெஸ் செயலாளர். தேர்தலில் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். அதாவது, வேறு யாரும் நிற்கவில்லை. சைக்கிளுக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம் மாவு அறைதான்.

அதைச் சொல்லியாக வேண்டும். கோத்தகிரிக் குளிரில் இட்லி மாவு புளிக்காது. ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் அதே மனநிலையில்தான் இருக்கும். அதனால் எங்கள் மெஸ்ஸின் பின்னால் மாவுக்கென்றே ஓர் அறை கட்டியிருந்தார்கள். ஜன்னல் இடுக்குகளில் சாக்கு. சுவரோரம் இரண்டு ஹீட்டர். நடுவில் மாணவர்களுக்குக்கூடக் கிடைக்காத கனத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையாக மாவு அண்டாக்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இட்லிக் கொப்பரை. அதன் ஆவியும் சந்து வழியாக உள்ளே வரும். வெளியே ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட மார்கழி. கதவைத் திறந்தால் உள்ளே மதுரைச் சித்திரை.

பயிற்சி இயந்திரத்துக்கு த்ரீ ஃபேஸ் மின்சாரம் வேண்டும். கல்லூரியில் அது இரண்டு இடத்தில்தான் இருந்தது. ஒன்று ஆண்கள் அணியின் இயந்திரம் நின்ற ஏ.சி. உடற்பயிற்சிக் கூடம். அங்கே இன்னொரு இயந்திரம் வைத்தால் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடிக்கு இடம் போதாது என்று ஆண்கள் அணி எழுத்துமூலம் தெரிவித்தது. மற்றது கிரைண்டருக்காக இழுத்த லைன், மாவு அறையில்.

உடற்கல்வி இயக்குநர் நஞ்சுண்டன் சார், பி.டி. சார் என்று சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும், அறையை வந்து பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடி ஆவியில் உடனே வெள்ளையாகிவிட்டது. துடைத்துவிட்டு, ‘இயந்திரம் காற்றோட்டமுள்ள அறையில் வைக்கப்பட்டுள்ளது’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

“சார், இங்க காத்தே வராது சார்” என்றேன்.

“ஏனுங்க தம்பி, உள்ளார நின்னு பேசறீங்கள்ல? மூச்சு உடறீங்கள்ல? அப்பொறம் என்ன, காத்து இருக்குது.”

முதல் நாளே இசக்கி ஒரு மேசை விசிறியைக் கொண்டுவந்து வைத்தாள். மெஸ் மாஸ்டர் குருபாதம் திண்டுக்கல்காரர், கரண்டியோடு ஓடிவந்தார்.

“ஏ தாயி, ஃபேனை அமத்து! மாவு மேல ஏடு கட்டிப்போகும்.”

“மாஸ்டர், எனக்கு வேர்க்கு. சட்டையப் பிழிஞ்சா ஒரு குடம் வரும்.”

“வேர்த்தா தொடச்சுக்கிடலாம். நாளைக்கு இட்லி கல்லு மாதிரி வந்துச்சுன்னா ஐந்நூறு பயலுக என்னையப் பிழிவாங்கெ.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மெஸ் செயலாளர் என்ற முறையில் நான் மாவின் பக்கம் தீர்ப்புச் சொன்னேன். ஜனநாயகத்தில் ஐந்நூறு வயிறுகளுக்கு எதிராக ஒரு நெற்றி வியர்வை செல்லாது.

அப்படித்தான் அந்தக் குளிர்காலம் போனது. திரையில் பச்சை மலையும் ஜில்லென்ற மேகமும் ஓடும். எதிரே இசக்கி வெந்துகொண்டிருப்பாள். ஒரு கணம் மிதிப்பதை நிறுத்தினால் இயந்திரம் கீச்சென்று கத்தும். அதன் உலகத்தில் இறக்கமும் கிடையாது, இளைப்பாறலும் கிடையாது. அவள் கால் எவ்வளவு முயன்றாலும் திரையில் எண் ஏறவில்லை. மற்ற கல்லூரிப் பெண்களின் எண்கள் பக்கத்திலேயே ஓடும். எல்லாம் அவளுக்கு மேலே.

“என் காலுக்கு என்ன கேடுன்னு தெரியல” என்று ஒருநாள் அண்டாவின் மேல் சாய்ந்துகொண்டு சொன்னாள். “தேரி மணல்ல மிதிச்ச காலுடே இது.”

மார்கழிக் கடைசியில் மழையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, கரண்ட் போய், இயந்திரம் அணைந்தது. அன்று பார்த்துத் தயிர் வண்டியும் வரவில்லை. மெஸ்ஸில் ஒரு பழைய சைக்கிள் உண்டு. “சும்மா இருக்கதுக்கு நான் போய் எடுத்துட்டு வாரேன்” என்று இசக்கி அதில் அரவேணுவுக்கு இறங்கினாள். நான் மந்திரிபோல மினிபஸ்ஸில் போனேன். தயிர்க்காரரிடம் பேரம் பேசுவது செயலாளரின் கடமை. திரும்பும்போது கேரியரில் இரண்டு தயிர் கேனைக் கட்டிக்கொண்டு அவள் மலை ஏறத் தொடங்கினாள். பஸ் அவளைத் தாண்டியது. அடுத்த நிறுத்தத்தில் அவள் பஸ்ஸைத் தாண்டினாள். அப்புறம் பஸ் அவளைத் தாண்டவே இல்லை. டிரைவர் கியர் மாற்றிப் பார்த்தார், ஹாரன் அடித்துப் பார்த்தார், கடைசியில் யாரும் கை காட்டாத இடத்தில் நிறுத்தி டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் மெஸ்ஸுக்கு வந்தபோது அவள் தயிரை ஊற்றிவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“பஸ்ஸு ஊர் ஊரா நிக்கும், அதனால” என்றேன்.

“அதான் நானும் நெனச்சேன்” என்றாள். ஆனால் நினைக்கவில்லை என்று முகம் சொன்னது.

பரிசளிப்பு விழா எங்கள் கல்லூரி அரங்கில்தான். முன்முடிவு பெண்கள் பிரிவின் பட்டியலைத் திரையில் போட்டது. முதல் இடம், கோவை மலையடிவாரக் கல்லூரி ஒன்றின் ரெனிட்டா. தொடர்ந்து இரண்டாவது தங்கம். அவள் மேடையில் பதக்கத்தோடு நின்று, பதக்கத்தைவிடச் சின்னதாகச் சிரித்தாள். இசக்கி நாற்பத்தோராவது இடம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பி.டி. சார் அவள் தோளைத் தொட வந்து, பாதியில் கையை எடுத்துக்கொண்டார். “மெஸ் கணக்கெல்லாம் முடிச்சிரு கண்ணு” என்றார் மெதுவாக. ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர்கள் நிர்வாகத்தில் இறங்கிவிடுவார்கள்.

மேடையில் கூட்டமைப்புச் செயலாளர் சபாநாயகம் மைக்கைப் பிடித்தார். பக்கத்தில் முன்முடிவைத் திட்டமிட்டுக் கட்டிய டாக்டர் ஹபீபா உட்கார்ந்திருந்தார். சபாநாயகம் ஒவ்வொரு வருடமும் சொல்லும் வரியைச் சொன்னார்: “கணிப்பை ஏற்காதவர்கள் சாலையில் ஓட்டிக் காட்டி ஆட்சேபிக்கலாம். முப்பதாம் இடத்துக்குரிய நேரத்தை முந்தினால் ஒதுக்கீட்டு இடம் நீடிக்கும். ஆட்சேபம் உண்டா? இல்லை. நன்றி.”

விமானத்தில் உயிர்காப்புச் சட்டை போடக் காட்டுவார்களே, அதைப்போன்ற வரி அது. இதுவரை அதற்குப் பிறகு எல்லோரும் எழுந்து நின்றது தேசிய கீதத்துக்காக மட்டும்தான்.

“நான் ஆட்சேபிக்கேன்” என்றது ஒரு குரல்.

பி.டி. சார் அவள் தாவணி, இல்லை, ஸ்வெட்டர் நுனியைப் பிடித்து இழுத்தார். “உக்காரு கண்ணு! ரோட்டுல லாரியெல்லாம் வரும்!”

“வரட்டும் சார். ஊருக்குப் போற பஸ்ஸுலயும் அதே லாரிதான் எதிர்ல வரும்.”

சபாநாயகம் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். “நிஜமாவாம்மா? நிஜச் சாலையிலயா?”

“வேற எந்தச் சாலை இருக்கு, சார்?”

ஹபீபா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஊர்வல நாளன்றே ஆட்சேபமும் என்று முடிவானது. ஜீப்புக்கு எப்படியும் சாலையை ஒதுக்குவார்கள். அதில் ஒரு சைக்கிளும் போகட்டும் என்றார்கள். காலையில் மேட்டுப்பாளையத்தில் பனி விலகியபோது, சாலையில் ஒரு சிவப்பு ட்ரோன் காத்திருந்தது. முப்பதாம் இடத்துக்காரி ஓட்டினால் எந்த வேகத்தில் போவாளோ, அதே வேகத்தில், வளைவுக்கு வளைவு மெதுவாகி, அது தலைக்கு மேலே பறந்து போகும். கோத்தகிரி பஸ் நிலையத்தை அதற்கு முன்னால் தொட்டால் இசக்கிக்குக் கல்லூரி. பின்னால் தொட்டால் சாத்தான்குளம்.

பின்னால் திறந்த ஜீப்பில் ரெனிட்டா மாலையோடு. அதே ஜீப்பில் சபாநாயகமும் ட்ரோன் இயக்குபவரும் ஹபீபாவும். அதற்கும் பின்னால் பி.டி. சாரின் ஸ்கூட்டரில், குளுக்கோஸ் தண்ணீர் பாட்டில்களைக் கட்டிப்பிடித்தபடி நான்.

ட்ரோன் கிளம்பியது. இசக்கியும் கிளம்பினாள். பாக்குத் தோப்புகளைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் வரை ட்ரோன் கொஞ்சம் முன்னால் போனது. நான் பி.டி. சாரின் காதருகே குனிந்தேன்.

“வேகமாப் போகச் சொல்லுங்க சார்!”

“மெதுவாப் போ கண்ணு!” என்று கத்தினார் அவர். “வேகமா! அதாவது, பாத்து வேகமா!”

முதல் பெரிய வளைவில் காற்று திரும்பி அடித்தது. மலைக்காற்று, யூகலிப்டஸ் வாசனையோடு, பனியின் ஈரத்தோடு. இசக்கி ஒரு கணம் மிதிப்பதை மறந்து முகத்தைத் தூக்கினாள். பிறகு சிரித்தாள். சாலையில் நின்ற தேயிலை லாரிக்காரர் பயந்துபோய்ப் பார்த்தார்.

“செக்ரட்டரி! எவன்டே இவ்ளோ பெரிய ஃபேனைப் போட்டது?”

அதற்குப் பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் பி.டி. சார் ஸ்கூட்டரை அவளுக்குச் சமமாக ஓட்டத் திணறிக்கொண்டிருந்தார். குஞ்சப்பனைக்கு முன்பே அவள் சிவப்பு ட்ரோனுக்கு அடியில் போய், அப்புறம் அதைத் தாண்டி முன்னால் போய், தலைக்கு மேலே யாருமில்லாத சாலையில் தனியாக ஏறிக்கொண்டிருந்தாள். ட்ரோன் கூட்டமைப்பின் விதிப்படி தன் வேகத்திலேயே வந்தது. குஞ்சப்பனைச் சோதனைச்சாவடியில் காவலர் ட்ரோனுக்கு சல்யூட் அடித்தாராம். சைக்கிள் எப்போது போனது என்று தெரியாதாம்.

ஜீப்பில் குழப்பம். “இருபதாம் இடத்தை விடுங்க!” என்றார் சபாநாயகம். இரண்டாவது ட்ரோன் எழும்பி, இருபதாம் இடத்துக்காரி அந்நேரம் எங்கே இருந்திருப்பாளோ அங்கே பறந்து போனது. இசக்கி அதைப் பிடித்தாள். பத்தாவது. பிடித்தாள். கடைசியாக, பெட்டிக்குள் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்த தங்கநிற ட்ரோனை வெளியே எடுத்தார்கள். அது ரெனிட்டாவின் வேகம். இதுவரை அது ஊர்வலத்தில் அழகுக்குத்தான் பறந்திருக்கிறது.

தங்க ட்ரோன் வெகுதூரம் முன்னால், தேயிலைச் சரிவுக்கு மேலே ஒரு பொட்டாகத் தெரிந்தது. அரவேணு வந்தது. மூடுபனி சாலையை மறைத்தது. அந்தக் குளிரில் எங்கள் பல்லெல்லாம் தாளம் போட்டன. அவள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள். ஓரிடத்தில் சாலை சற்றே கீழே இறங்கியது.

“எறக்கம்லாம் இருக்கு பாத்தியா!” என்று அவள் கத்தினாள். “மெஷின்ல சொல்லவே இல்ல!” காலை அசைக்காமல் அப்படியே போனாள். கோடை விடுமுறை விட்ட மாதிரி போனாள்.

அப்போதுதான் ஜீப்பில் மாலையோடு உட்கார்ந்திருந்த ரெனிட்டா எழுந்து நின்றாள். மாலையைக் கழற்றி சபாநாயகத்தின் மடியில் போட்டாள்.

“அக்கா! விடாதீங்க! அதோ நான் போறேன், புடிங்க என்னை!”

“உக்காரும்மா, நீ சாம்பியன்” என்றார் சபாநாயகம்.

“நான் சாம்பியன் இல்ல சார், அந்த ட்ரோன்தான் சாம்பியன். அக்கா, எடது பக்கம் பள்ளம்! போங்க, போங்க! நான் களைச்சிட்டேன் பாருங்க, மெதுவாப் போறேன்!”

அந்த வளைவில் ட்ரோன் உண்மையில் மெதுவாகியது. அங்கே ரெனிட்டாவுக்கு மூச்சு வாங்கும் என்று மூன்று மாதப் பயிற்சி சொல்லியிருந்தது. இசக்கிக்கு அங்கே மூச்சு வாங்கவில்லை. கோத்தகிரி ஊர் எல்லையில் இருவரும், ஒருத்தி தரையிலும் ஒருத்தி ஆகாயத்திலுமாகச் சமமாகப் போனார்கள். பஸ் நிலையத்து வாசலில் காய்கறிக்காரர்களும் டீக்கடைக்காரர்களும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும் என்னவென்று தெரியாமலே கத்தத் தொடங்கினார்கள். இசக்கி கைப்பிடியிலிருந்து நிமிர்ந்து நின்று மிதித்து, பஸ் நிலையத் தூணை உள்ளங்கையால் அறைந்தாள். தங்க ட்ரோன் வந்து, கடமையைச் செய்த திருப்தியோடு, அவள் தலைக்கு மேலே வட்டமடித்தது.

பி.டி. சார் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடாமலே இறங்கினார். நானும் ஸ்கூட்டரும் விழுந்தோம். அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி, அவளருகில் போனதும் என்ன செய்வதென்று தெரியாமல் கைகுலுக்கினார். கைகுலுக்கிக்கொண்டே அழுதார்.

“மெஸ் கணக்க முடிக்க வேண்டாமா சார்?” என்றாள் இசக்கி.

“முடிக்கவே வேண்டாம் கண்ணு. இருக்கற வரைக்கும் சாப்பிடு.”

மறுநாள் சபாநாயகமும் ஹபீபாவும் மாவு அறைக்கு வந்தார்கள். சாலையில்தான் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்பது சபாநாயகத்தின் கட்சி. ஹபீபா உள்ளே வந்தார், கண்ணாடி வெள்ளையானது, கழற்றினார், ஹீட்டரைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், கம்பளி போர்த்திய அண்டாவைத் தொட்டுப் பார்த்தார்.

“இங்கயா மூணு மாசம் ஓட்டுன?”

“ஆமா மேடம்.”

“ஃபேன் இல்லாம?”

“மாவுல ஏடு கட்டிரும்லா.”

ஹபீபா ஓர் அண்டாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். குருபாதம் மாஸ்டர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

“சார், உடம்புக்கு ரெண்டு வேலை” என்றார் ஹபீபா, சபாநாயகத்திடம். “காலை மிதிக்க வைக்கணும். சூட்டை வெளியே தள்ளணும். ரெண்டுக்கும் இருக்கிறது ஒரே ரத்தம். இந்த அறையில பாதி ரத்தம் தோலைக் குளிர வைக்கவே போயிடும். மிச்சம்தான் காலுக்கு. என் மெஷின் காலை மட்டும் பார்த்துட்டு, ‘இந்தப் பொண்ணு சுமார்’னு சொல்லிடுச்சு. எல்லாரும் காத்து வர்ற அறையில ஓட்டறாங்கன்னு நினைச்சு வெப்பமானியே வைக்கல நான்.”

“சரி. அதனால அவ சுமார்தானே?”

“உடம்பு சும்மா இருக்குமா சார்? வாரக்கணக்குல இந்தச் சூட்டுல போட்டா, ரத்தத்தையே கூடுதலா ஊற வெச்சுக்கும். வேர்வையைச் சீக்கிரம் தொடங்கக் கத்துக்கும். இதயம் நிதானமாகும். இதுல மிதிக்கிறதை நிறுத்தவும் விடமாட்டேங்குது மெஷின். அப்படியே வெளிய குளிர்காத்துல கொண்டுபோய் விட்டா, தோலுக்கு வேலையே இல்ல. அத்தனையும் காலுக்கு.” அவர் இசக்கியைப் பார்த்தார். “நீ நாற்பத்தொண்ணு இல்லம்மா. நீ எத்தனைன்னே எனக்குத் தெரியாது.”

“கணிப்பு தவறினதே இல்லைன்னு நாம அச்சடிச்சிருக்கோம்” என்றார் சபாநாயகம் வருத்தமாக.

“தவறினதே இல்லதான். ஆறு வருஷமா யாரும் ஓட்டிப் பார்க்கலையே.” அவர் குரல் தாழ்ந்தது. “ஒவ்வொரு வருஷமும் முப்பதுக்குக் கீழன்னு ஊருக்கு அனுப்பினோமே, அந்தப் பிள்ளைங்களோட அறையில ஜன்னல் இருந்துச்சா, ஜுரத்தோட ஓட்டுனாங்களா, பசியோட ஓட்டுனாங்களா? எதையும் நான் கேக்கல.”

சுவருக்கு அந்தப் பக்கம் இட்லிக் கொப்பரை உஸ்ஸென்றது.

சபாநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். இசக்கியின் கல்லூரி இடம் நீடிக்கும். ஆனால் தங்கம் ரெனிட்டாவுடையதுதான். ஆட்சேபித்தவர் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாமே தவிர, பட்டியலை மாற்ற முடியாது. பரிசும் கொடுத்தாகிவிட்டது, போட்டோவும் எடுத்தாகிவிட்டது.

“பரவாயில்ல சார்” என்றாள் இசக்கி. “எனக்கு ஒளியியல் போதும்.”

“எனக்குப் போதாது” என்றது வாசலில் ஒரு குரல். ரெனிட்டா. கோவைக்குத் திரும்பாமல் எங்கள் விடுதியிலேயே தங்கிவிட்டாள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. “நானும் ஆட்சேபிக்கிறேன்.”

“எதை ஆட்சேபிக்கிறே? நீ முதல் இடம்மா!”

“அதைத்தான். ரெண்டு தங்கம் வெச்சிருக்கேன் சார். வீட்டுல வர்றவங்க ‘எப்படி இருந்துச்சு, ரோடு எப்படி, பயமா இருந்துச்சா’ன்னு கேக்கறாங்க. ஏ.சி. நல்லா இருந்துச்சுன்னா சொல்றது?”

“முதல் இடத்துக்காரர் ஆட்சேபிக்கக் கூடாது.”

“கூடாதுன்னு விதி இல்லையே” என்றார் ஹபீபா. அண்டாவிலிருந்து எழுந்தார். அவர் முகத்தில் இப்போது ஒரு குறும்பு தெரிந்தது. “முதல் இடமே சந்தேகம்னா மொத்தப் பட்டியலும் சந்தேகம். எல்லாரும் ரோட்டுல ஓட்டித்தான் ஆகணும். நாம ஊருக்கு அனுப்பினவங்களும்தான். கடிதம் போட்டுக் கூப்பிடறது என் பொறுப்பு.”

சபாநாயகம் நெடுநேரம் மாவையே பார்த்தார். “சரி. ஆனா விதி விதிதான். ஆட்சேபிக்கிறவர் முதல்ல தானே ஓட்டிக் காட்டணும். மாசிக்குள்ள இந்தப் பொண்ணு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை சைக்கிள்ல ஏறி வரட்டும். வந்தா, எல்லாருக்கும் போட்டி. வரலைன்னா, இந்தப் பேச்சே இல்ல.”

“சம்மதம்” என்றாள் ரெனிட்டா. சபாநாயகம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனார். ஹபீபா பின்னாலேயே விளக்கிக்கொண்டே போனார்.

அவர்கள் போனதும் ரெனிட்டா கதவைச் சாத்தினாள். இசக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

“அக்கா, ஒரு சின்னப் பிரச்சனை.”

“என்னட்டி?”

“எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.”

நான் சிரித்துவிட்டேன். இசக்கி சிரிக்கவில்லை. “நீ சாம்பியன்லா?”

“மெஷின் கீழ விழாதுக்கா. போல்ட்டு போட்டிருக்கும். பள்ளிக்கூடத்துல பார்த்து, ‘நல்ல கால்’னு சொல்லி நேரா அதுலதான் உக்கார வெச்சாங்க. ரெண்டு சக்கரத்துல நின்னதே இல்ல. ஜீப்புல வர்றப்பவே கம்பியைப் புடிச்சுக்குவேன்.”

இசக்கியின் சீட்டு பத்திரமாகிவிட்டது. இந்தப் பெண் ஓட்டிப் பழகினால் நிஜப் போட்டியில் அவளுக்கு எதிராகவே நிற்பாள். அதுவும் நல்ல கால். நான் மெஸ் செயலாளர் என்ற முறையில் அவளிடம் இதை எடுத்துச் சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அவள் ரெனிட்டாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டாள்.

மைதானத்தில் நல்ல வெயில். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். பந்தய சைக்கிளில் ரெனிட்டா ஏறினாள். வலப்பக்கம் விழுந்தாள். ஏறினாள். இடப்பக்கம் விழுந்தாள். மாநிலத்திலேயே பலமான கால் என்பதால் விழும்போதும் பலமாக விழுந்தாள். பி.டி. சார் முதலுதவிப் பெட்டியோடு வந்து, அதைத் திறக்க முடியாமல், விசிலை ஊதினார்.

“கீழ பாக்காத. தூரமாப் பாரு” என்றாள் இசக்கி, சீட்டுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. “நான் புடிச்சிருக்கேன். மிதி.”

ரெனிட்டா மிதித்தாள். சைக்கிள் பாம்பாக நெளிந்தது. இசக்கி பின்னால் ஓடினாள்.

“அக்கா, விட்டுராதீங்க!”

“விடல, மிதி!”

“புடிச்சிருக்கீங்களா?”

“புடிச்சிருக்கேன்! புடிச்சிருக்கேன்!”

சைக்கிள் நேரானது. மைதானத்தின் பாதியைத் தாண்டி, கோல் கம்பத்தைத் தாண்டி, திறந்திருந்த வாசலை நோக்கிப் போனது. வாசலுக்கு அப்பால் சாலை, சாலை மேல்நோக்கி.

“அக்கா, இன்னும் புடிச்சிருக்கீங்கல்ல?”

“புடிச்சிருக்கேம்ட்டி!” என்று கத்தினாள் இசக்கி, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு.